இடது பக்கத்துப் பல்

வெர்ல் டன்னிகன் அந்த மண்டையோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தபோது அவன் கையை அங்கேயே வெட்டிப் போடலாம் போலிருந்தது. வெட்டவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை எத்தனை கரண்டி என்றுகூடக் கேட்டேன். என்னைத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அப்போதே அவன் எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் திட்டாமல் இருக்கிறேன் என்றால் ஏதோ வரப்போகிறது என்று என் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

மொன்டானாவில் எங்கள் பக்கம் எல்க் மான் சுட்டவன் முதலில் எடுப்பது அதன் மேல்தாடையில் இருக்கும் இரண்டு தந்தப் பற்களைத்தான். கறி பனிக்காலத்தோடு தீர்ந்துவிடும், பல் பேரன் காலம் வரைக்கும் கிடக்கும். அதை மோதிரத்தில் பதிப்பார்கள், பெண்டாட்டிக்குத் தோடு செய்து போடுவார்கள், பெல்ட்டு பக்கிளில் வைத்துக்கொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். பல்லைத் தேய்த்து, பளபளப்பாக்கி, வெள்ளியில் பதித்துக் கொடுப்பது என் தொழில். மாவட்டத்தில் பாதிப் பேர் விரலில் இருப்பது நான் செய்ததுதான்.

ஆனால் என் காது மட்டும் மூளி. அதற்குக் காரணம் என் வீம்பு. என் வீட்டுக்காரர் ஓரின் வருஷா வருஷம் பல் கொண்டுவருவார், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

"இதெல்லாம் ஒரு பல்லாய்யா? கன்னுக்குட்டிப் பல்லு. கட்டைவிரல் மொத்தத்துக்கு, நடுவுல காபி நெறம் ஓடுன கிழட்டுக் காளையோட பல்லு கொண்டா. அப்பப் போட்டுக்கறேன்."

"அந்தக் காளை உன் காதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு பாரு, மகாராணி" என்பார். சிரித்துக்கொண்டே அந்த ஜோடியை யாருக்காவது கொடுத்துவிடுவார்.

போன நவம்பரில் அந்தக் காளையைப் பார்த்துவிட்டார். கரடிப் பள்ளத்துக்கு மேலே, சாயங்கால வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஏழு கிளைக் கொம்போடு. ஒரே குண்டு, கழுத்தில். விழுந்துவிட்டது.

நியாயமாக முதலில் செய்ய வேண்டியது டேக் கட்டுவது. அரசாங்கம் கொடுக்கிற அந்தச் சீட்டைத் தேதி வெட்டி மான்மேல் கட்டினால்தான் அது உன் மான். கட்டாமல் ஒரு அடி நகர்ந்தாலும் குற்றம். ஓரின் நாற்பது வருஷமாக வேட்டைக்குப் போகிறவர், ஒரு தடவை தவறியதில்லை. அன்றைக்கு மட்டும், கிறுக்கு மனுஷன், முதலில் பல்லைப் பிடுங்கினார். என் காதுக்காக. வலது பக்கத்துப் பல் முழுசாக வந்தது. இடது பக்கத்துப் பல்லில் கத்தி வழுக்கி, வேர் உடைந்து தாடைக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் டேக்கைத் தேடியிருக்கிறார். அது கீழே பிக்கப் வண்டியில், பழைய கோட்டுப் பையில் கிடந்தது.

அப்போதுதான் இருமல் பிடித்தது. மர அறுவை மில்லில் தூள் குடித்த நெஞ்சு அது. எழுந்திருக்க முடியவில்லை. பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. துப்பாக்கியை வானத்தைப் பார்த்துப் பிடித்து மூன்று வெடி அடுத்தடுத்து வெடித்திருக்கிறார். எங்கள் மலையில் மூன்று வெடிக்கு ஒரே அர்த்தம்தான்: ஆபத்து, வா. கேட்டவன் கண்ணெதிரே நிற்கிற மானையும் விட்டுவிட்டு ஓடிவருவான். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் வருவான். அதற்கு மேல் எங்களிடம் வேறு சாமி கிடையாது.

யாரும் வரவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிச் சறுக்கி இறங்கியிருக்கிறார். விடியும்போது வைக்கோல் லாரிக்காரன் ரோட்டோரத்தில் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் இரண்டு பல்லும் பதிந்து கிடந்தன.

"போட்டுக்கோ. இது கன்னுக்குட்டி இல்ல."

"பல்லாய்யா முக்கியம்? ஒருத்தனும் வரலியா?"

"மலையில யாரும் இல்ல போலருக்கு, தோரா. இருந்திருந்தா வந்திருப்பாங்க" என்றார்.

அவர் அங்கே நிமோனியாவோடு படுத்திருக்கையில், ஊருக்குள் வெர்ல் டன்னிகன் தன் லாரியில் ஏழு கிளைக் காளையை ஏற்றிக்கொண்டு ஊர்வலம் வந்தான். வெளியூர்ப் பணக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போய் வேட்டையாட வைக்கிறவன் அவன். காலையில் தானே சுட்டதாகச் சொன்னான். விளம்பரத் தாளில் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கிற படமும் வந்துவிட்டது.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஓரின் சொன்னார். "அது நான் சுட்டதுப்பா. கரடிப் பள்ளத்துல." அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் குரலைத் தாழ்த்தி, "காய்ச்சல் ஜாஸ்தி போலருக்கு" என்றார்கள். வெர்லும் வந்தான், ஒரு பை நிறைய ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு. கட்டிலில் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னான்:

"உங்க மானுன்னா டேக் எங்க, பெரியவரே? வேணும்னா சொல்லுங்க, அதிகாரியக் கூப்பிட்டுக் கேப்போம். டேக் கட்டாம சுட்டுப் போட்டுட்டு வந்தா துப்பாக்கியையே புடுங்கிடுவாங்களாமே?"

அன்றிலிருந்து ஓரின் அந்த மானைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. "பல்ல யார்கிட்டயும் காட்டாத, தோரா. சாகப்போற நேரத்துல திருட்டு வேட்டைக்காரன்னு பேரு வேண்டாம்" என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்விட்டார். அடக்கம் முடிந்து சாப்பாட்டில், என் வீட்டு உருளைக்கிழங்கு ரொட்டியைத் தின்றுகொண்டே ஒருத்தி சொன்னாள்: "நல்ல மனுஷன். கடைசில கொஞ்சம் புத்தி பேதலிச்சு, அடுத்தவன் மானத் தன் மானுன்னாரு, பாவம்." அந்த 'பாவம்' இருக்கிறதே, அது எனக்குள் முள்ளாக ஏறியது. என் மனுஷன் பொய்யனாகவும் பைத்தியமாகவும் மண்ணுக்குள் போனார். அந்தப் பேரைத் துடைக்காமல் நான் அவர் பக்கத்தில் போய்ப் படுக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

இப்போது அந்த மண்டையோட்டோடு வெர்ல் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

ஏன் வந்தான் என்றால், எங்கள் வேட்டைக்காரர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல கொம்பு கிடைத்தால் சங்கக் கூடத்துச் சுவரில் ஏற்றுவார்கள், கீழே பித்தளையில் பேர் போடுவார்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், பிப்ரவரி விருந்தில் எல்லார் எதிரிலும் சுட்டவன் நின்று, தான் எடுத்த இரண்டு பல்லையும் தன் கையாலேயே அந்தத் தாடைக் குழிகளில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். யாரோ அண்ணன் தம்பிகள் ஒரு மானுக்கு அடித்துக்கொண்டதில் வந்த வழக்கமாம். பல் உட்கார்ந்தால் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அப்படி ஒன்று நடந்ததே இல்லை. முன்பு வெர்ல் ஏற்றிய கொம்புகளும் அங்கே உண்டு. இந்தக் காளை ஏறினால் அவன் தொழிலுக்கு வருஷம் முழுக்க வெளியூர்க்காரன் கியூவில் நிற்பான்.

"பல்லு கொஞ்சம் லூசா இருக்கு, தோராம்மா" என்று இரண்டு பல்லை மேசைமேல் உருட்டினான். "மண்டைய வேகவச்சு சுத்தம் பண்ணதுல குழி பெருசாயிடுச்சு போல. நீங்க பாத்துச் சரிபண்ணிக் குடுத்தா..."

பல்லைப் பார்த்தேன். மூன்று வயசுக் காளையின் பல். ஒரு கிழட்டுக் காளையின் வாயில் இதைச் சொருகப் பார்க்கிறான், அதையும் என்னிடமே கொண்டுவருகிறான். என்ன நெஞ்சழுத்தம்!

"இடது குழியில என்னமோ எலும்பு அடைச்சிருக்கு. அத நோண்டி எடுத்துடுங்க" என்றான். பிறகு காபியைப் பார்த்துக்கொண்டே, "ஓரின்... பல்லு ஏதும் வச்சுட்டுப் போனாரா?" என்று கேட்டான்.

"இருந்ததெல்லாம் அவர் பொட்டியிலயே போட்டுப் பொதைச்சாச்சு. எனக்கெதுக்கு?" என்றேன்.

நிம்மதியில் அவன் தோள் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! அதுவரைக்கும் என் மனசின் ஓரத்தில் ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. ஒருவேளை காய்ச்சலில்தான் ஓரின் சொன்னாரோ என்று நானும் ஒரு ராத்திரி நினைத்தது உண்டு. அந்தத் தோள் இறங்கியதும் அது போயே போய்விட்டது.

அவன் போனதும் கதவைத் தாளிட்டு, புகையிலை டப்பாவிலிருந்து ஓரினின் இடது பல்லை எடுத்து அந்தக் குழியில் வைத்தேன். உள்ளே நின்ற வேர்த்துண்டும் பல்லின் உடைந்த விளிம்பும் பொருந்தின. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. மேசையிலேயே தலையைச் சாய்த்து அழுதேன். அழுது முடித்ததும் அரத்தை எடுத்தேன்.

நேராகப் போய் சங்கத்தில் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் என்ன சொல்வான்? புருஷன் போன துக்கத்தில் கிழவி எங்கிருந்தோ ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பான். தேய்ப்பதுதானே என் தொழில். அதெல்லாம் வேண்டாம். அவன் கையாலேயே அவன் வைக்க வேண்டும், அவன் கையிலேயே அது விழ வேண்டும். ஊரே பார்க்க வேண்டும்.

வலது பல்லை ஒழுங்காகச் சரிசெய்தேன். தொழிலில் நான் ஏமாற்றுவதில்லை. இடது குழியிலிருந்த வேரைத் தொடவே இல்லை. அவன் கொண்டுவந்த இடது பல்லின் வேரைக் குட்டையாக அராவி, குழியில் தேன்மெழுகை நிரப்பி, பல்லை அதில் அழுத்தி, எலும்பு நிறத்தில் மேலே பூசினேன். அவன் வந்து இழுத்துப் பார்த்தான். கல் மாதிரி நின்றது.

"அடேயப்பா, சாமர்த்தியக்காரிதான் நீங்க."

"விருந்துக்கு நானே கொண்டாறேன். நீ வேற எங்கயாவது போட்டு ஒடச்சு வைக்காத" என்றேன்.

விருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே இடுப்பளவு பனி, கூடத்துக்குள் அடுப்பு செக்கச் செவேலென்று எரிந்தது. பீன்ஸ் குழம்பு, எல்க் கறி, அத்திப்பழ நிறத்தில் ஏதோ ஒரு பழக் கேக். பெண்கள் எல்லோரும் தங்கள் தந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முக்கால்வாசி என் கைவேலை. மண்டையோட்டை நான்தான் தூக்கிவந்து வைத்தேன், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், தாடை நெருப்பைப் பார்க்கிற மாதிரி. இரண்டு பல்லையும் கழற்றித் தனியாக ஒரு தோல் பையில் போட்டிருந்தேன். சாப்பாடு முடிகிறவரை நான் அந்த மேசைப் பக்கமே திரும்பவில்லை. மூன்று துண்டு கேக் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் பசித்தது.

சங்கத் தலைவர் யால்மர் எழுந்தார். எண்பது தாண்டியவர், காது சுத்தமாகக் கேட்காது. காது மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். அவரிடம் எதைச் சொல்வதானாலும் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கத்த வேண்டும்.

"வெர்ல் டன்னிகன்! பல்லு வை!"

வெர்ல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தான். காலையில் மூடுபனியில் பதுங்கிப் பதுங்கிப் போன கதையை ஒரு தடவை அவிழ்த்துவிட்டான். வலது பல்லை எடுத்து வைத்தான். உட்கார்ந்தது. இரண்டு மூன்று பேர் அவசரப்பட்டு மேசையைத் தட்டினார்கள். இடது பல்லை வைத்தான். டொக்கென்று கீழே விழுந்து பீன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் உருண்டது.

"கை நடுங்குதாடா மாப்ள? இன்னும் ரெண்டு கிளாஸ் ஊத்து" என்று யாரோ கத்தினான். சிரிப்பு.

மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. குனிந்து குழியைப் பார்த்தான். மெழுகு முழுக்க உருகி மேசைத் துணியில் வட்டமாகப் பரவியிருந்தது. அவன் நிமிர்ந்து என்னைத் தேடினான். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

யால்மர் தன் சுண்டுவிரலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். "உள்ள வேரு இருக்கு. இந்த மானோட பல்லு உள்ளயே ஒடஞ்சிருக்கு. நீ வச்ச பல்லுக்கு வேரு இருக்கேப்பா, வெர்லு? ஒரு குழிக்கு ரெண்டு பல்லா?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுந்து போனேன். புகையிலை டப்பாவைத் திறந்தேன். கட்டைவிரல் மொத்தம், நடுவில் காபி நிறம். அவ்வளவு பேரும் வேட்டைக்காரர்கள், நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெர்ல் வைத்த வலது பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓரினின் வலது பல்லை வைத்தேன். பிறகு இடது. உடைந்த விளிம்பு வேர்மேல் போய் உட்கார்ந்தது. யால்மர் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"யாரு பல்லு இது?" என்றார்.

"ஓரின் பல்லு!" என்று கத்தினேன். "எம் புருஷன் சுட்டது! பைத்தியம்னு சொன்னீங்களே, அவர் சுட்டது!"

மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்த 'பாவம்' சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதும் என்று நினைத்தேன். உண்மையாகவே போதும் என்றுதான் நினைத்தேன், வெர்ல் வாயை மூடிக்கொண்டு வெளியே போயிருந்தால்.

அவன் எங்கே மூடினான்! முகமெல்லாம் சிவந்து, "சரி, சுட்டாரு! யார் இல்லன்னா?" என்று எகிறினான். "டேக் கட்டினாரா? டேக் இல்லாத மான் யாரு மான்? கண்டவன் மான்! நீங்க யாரா இருந்தாலும் எடுத்திருப்பீங்க."

ஓரமாக நின்ற இரண்டு பேர் முகத்தில் ஒரு சின்ன இளிப்பு வந்தது. பயல் கில்லாடிதான் என்கிற இளிப்பு. தட்டுகிற சத்தம் குறைந்தது. போயிற்று, என் ஓரினைக் கடைசியில் கிறுக்கனாக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்வான் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கும் அந்த இளிப்பு தெரிந்துவிட்டது. தைரியம் வந்துவிட்டது. இன்னும் பேசினான்.

"வேட்டைக்காரனாம்! டேக்க விட்டுட்டு வந்துட்டு, பச்சக் கோட்டுல பாக்கெட் பாக்கெட்டா துழாவறாரு. அத விட்டுட்டு மரக்கட்டையில உக்காந்து இருமிக்கிட்டு, பல்லக் கையில வச்சுத் தேச்சுக்கிட்டு..."

"எந்தக் கோட்டு?" என்றேன்.

என் பக்கம் திரும்பினான்.

"எந்தக் கோட்டு, வெர்லு? மறுநாள் காலைல போய் மான எடுத்தவனுக்கு அவர் கோட்டு எப்படித் தெரியும்? எங்க இருந்து பாத்த?"

அவன் வாசலைப் பார்த்தான். வாசலை மறித்து இரண்டு மூன்று பேர் நின்றார்கள்.

"மேல... பாறைக்கிட்ட இருந்து" என்றான். "கிழவர் எறங்கிப் போகட்டும்னு..."

"எவ்ளோ நேரம் இருந்த?"

"இருட்டுற வரைக்கும்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். நான் ஒரு மானுக்காகத்தான் இத்தனை நாள் அரத்தைத் தேய்த்தேன், ஒரு பேருக்காகத்தான் மெழுகு ஊற்றினேன். மலையில் யாரும் இல்லை போலருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாரே என் மனுஷன். இருந்திருந்தால் வந்திருப்பார்கள் என்று நம்பித்தானே செத்தார்.

"அப்ப அந்த வெடிச் சத்தம்?" என்றேன். "மூணு வெடி. உனக்குக் கேட்டுச்சா?"

அந்த இரண்டு பேர் முகத்திலிருந்த இளிப்பு போய்விட்டது. யாரோ மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்கள். வெர்லின் கூடவே மலைக்குப் போய்வருகிற அவன் மச்சான், அவன் பக்கத்திலிருந்து நகர்ந்து சுவரோரம் போனான்.

வெர்ல் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"என்ன சொல்றான்?" என்றார் யால்மர், காதில் கையை வைத்துக்கொண்டு.

எனக்குக் கேட்டுவிட்டது. முன்வரிசைக்கும் கேட்டுவிட்டது. ஆனாலும் நான் அவன் எதிரே போய் நின்றேன்.

"நிமிந்து பாரு. இன்னொரு தடவ சொல்லு, வெர்லு. சத்தமாச் சொல்லு. யால்மருக்குக் காது கேக்காது."

"கேட்டுச்சு" என்று அவன் கத்தினான். "மூணு வெடியும் கேட்டுச்சு."